இரண்டு விரற்கடைத் தங்கம்

மார்பு நீச்சல் போட்டியில் கடைசி ஐந்து மீட்டர் பலத்தைச் சோதிப்பதைவிடப் பழக்கத்தைத்தான் அதிகம் சோதிக்கிறது. சுவரைத் தொடும் விதத்தில் பதக்கங்கள் கைமாறுகின்றன.

பாரிஸ் ஒலிம்பிக்ஸ். 2024 ஜூலை 28ஆம் தேதி இரவு. ஆண்கள் 100 மீட்டர் மார்பு நீச்சல் இறுதிப் போட்டி. நான்காவது தடத்தில் பிரிட்டனின் ஆடம் பீட்டி. 2016இல் ரியோவிலும் 2021இல் டோக்கியோவிலும் இதே போட்டியில் தங்கம் வென்றவர். 56.88 விநாடி என்ற உலக சாதனையும் அவர் பெயரில்தான். எல்லோர் கண்ணும் அவர் மேல் இருந்தது. ஏழாவது தடத்தில் நீந்திய இத்தாலியரை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

சுவரைத் தொட்டபின் திரும்பிப் பலகையைப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. ஏழாவது தடத்து நிக்கோலோ மார்ட்டினெங்கி 59.03 விநாடி. பீட்டி 59.05. அமெரிக்காவின் நிக் ஃபிங்க்கும் அதே 59.05. இரண்டு வெள்ளி வழங்கப்பட்டது. வெண்கலம் யாருக்கும் இல்லை. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது ஒரு விநாடியில் நூறில் இரண்டு பங்கு. அவர்கள் நீந்திய வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். நம் ஊர்க் கணக்கில் இரண்டு விரற்கடை.

மறுநாள் பெண்கள் போட்டி. தென்னாப்பிரிக்காவின் தாத்தியானா ஸ்மித் தங்கம் வென்றார். அயர்லாந்தின் மோனா மக்ஷாரி 1 நிமிடம் 5.59 விநாடியில் வெண்கலம். இத்தாலியின் பெனடெட்டா பிலாட்டோ, அமெரிக்காவின் லில்லி கிங் இருவருக்கும் 1 நிமிடம் 5.60. நூறில் ஒரு பங்கில் இருவர் பதக்கத்தை இழந்தார்கள். ஒரு விரற்கடைகூட இல்லாத தூரம் அது.

இப்படிப்பட்ட முடிவுகளை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடுவது சுலபம். நீச்சல் பயிற்சியாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. சுவரைத் தொடுவதும் ஒரு வித்தை. அதைத் தனியாகக் கற்க வேண்டும், தினமும் பழக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மற்ற நீச்சல்களைவிட மார்பு நீச்சலுக்கு இது இன்னும் பொருந்தும்.

தவளையின் சிக்கல்

கிராமத்தில் தவளை நீச்சல் என்று சொல்லப்படும் மார்பு நீச்சல்தான் போட்டி நீச்சல்களில் மிக மெதுவானது; மிகப் பழையதும்கூட. 1875இல் இங்கிலிஷ் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த கேப்டன் மாத்யூ வெப் இந்த முறையில்தான் நீந்தினார். விதிகளின் கெடுபிடியும் இதில்தான் அதிகம். கைகளை நீருக்கு மேல் வீசலாம் என்று சிலர் கண்டுபிடித்ததால் பட்டர்ஃபிளை என்ற தனி நீச்சலே பிறந்து, 1952இல் இரண்டும் பிரிக்கப்பட்டன. நீருக்கு அடியிலேயே நீண்ட தூரம் போனால் வேகம் கூடும் என்பதைக் காட்டி 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா தங்கம் வென்றார். பிறகு அதற்கும் தடை வந்தது. குறுக்கு வழி கண்டுபிடிப்பதும் விதி அதை அடைப்பதுமாகவே இந்த நீச்சலின் சரித்திரம் போய்க்கொண்டிருக்கிறது.

முடிவு ஏன் இதில் மட்டும் இத்தனை சிக்கல்? காரணம், வேகம் சீராக இருப்பதில்லை. பிரீ ஸ்டைலில் ஒரு கை முடிக்கும்போது மறு கை தொடங்கிவிடும், வேகம் அறுபடாது. மார்பு நீச்சலில் இரு கைகளும் சேர்ந்து இழுக்கின்றன, இரு கால்களும் சேர்ந்து உதைக்கின்றன. உதைத்தவுடன் உடல் அம்பு போலப் பாய்கிறது. அடுத்த உதைக்காகக் கால்களை மடக்கி இழுக்கும்போது தொடைகள் நீரை முட்டி நிற்கின்றன. வேகம் ஏறக்குறைய செத்துவிடுகிறது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் இப்படி ஒரு மேடும் ஒரு பள்ளமும் உண்டு. சுவர் வந்து சேரும்போது நீச்சல்காரர் மேட்டில் இருக்கிறாரா பள்ளத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

மூன்று வகை முடிவு

முதல் வகை, எல்லோரும் விரும்புவது. கடைசி உதை முடிந்து, கைகள் முழுதாக நீண்டு, உடல் உச்ச வேகத்தில் இருக்கும்போது விரல் நுனி சுவரில் மோதுகிறது. இதில் ஒரு கணமும் வீணாவதில்லை.

இரண்டாவது வகையில் சுவர் கொஞ்சம் எட்டி இருக்கிறது. உதை முடிந்துவிட்டது, கைகள் நீண்டுவிட்டன, ஆனால் இன்னும் அரை மீட்டரோ முக்கால் மீட்டரோ பாக்கி. நீச்சல்காரர் அப்படியே கிளைடு செய்கிறார். உடல் நேராக இருப்பதால் பார்வைக்கு அழகாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் வேகம் வடிந்துகொண்டே போகிறது.

மூன்றாவது வகையில் சுவர் மிகக் கிட்டே வந்துவிடுகிறது. இன்னொரு முழு ஸ்ட்ரோக் தொடங்கினால், கைகள் மார்புக்கு அடியில் இருக்கும்போது தலை சுவருக்கு நேரே போய்விடும். முழங்கை மடங்கிய நிலையில் தொட வேண்டி வரும். நீண்ட கை இருந்தும் பயனில்லை.

இந்த இரண்டாவது, மூன்றாவது நிலைகளுக்கு விதியிலேயே ஒரு வாசல் திறந்திருக்கிறது. பலருக்கு அது தெரிவதில்லை. திரும்பும் முன்னும் போட்டி முடியும்போதும், உதை இல்லாமல் கை இழுப்பு மட்டும் செய்ய அனுமதி உண்டு. மற்ற நேரமெல்லாம் முழங்கை நீருக்குள் இருக்க வேண்டும். கடைசி ஸ்ட்ரோக்கில் மட்டும் மேலே வரலாம். ஆகவே முழு ஸ்ட்ரோக்குக்கு இடம் போதாது, கிளைடு செய்யத் தூரம் அதிகம் என்ற இக்கட்டில், சின்னதாக, வெடுக்கென்று ஒரு கை இழுப்பு இழுத்து, கைகளை நீரின் மேற்பரப்பில் சுவரை நோக்கி எறியலாம். முழுதாக இழுத்தால் கைகள் திரும்பி வர நேரமாகும். பாதியில் வெட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் இது ஆபத்துக்கு உதவும் மருந்துதான். கடைசி ஒரு மீட்டரில் எதையும் பெரிதாகத் திருத்த முடியாது. முடிவு தீர்மானமாக வேண்டிய இடம் சுவருக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால். அங்கிருந்து தனக்கு எத்தனை ஸ்ட்ரோக் தேவை என்பது நீச்சல்காரருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பொருந்தவில்லை என்று தோன்றினால், இரண்டு மூன்று ஸ்ட்ரோக்குகளில் கிளைடைக் கொஞ்சம் நீட்டியோ குறைத்தோ சரிக்கட்டலாம். தையற்காரர் துணியை ஒரே இடத்தில் இழுக்காமல் நெடுக மடித்துச் சரி செய்வது போல.

இதற்கு ஓர் அடையாளமும் குளத்திலேயே தொங்குகிறது. சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால் குறுக்கே கட்டியிருக்கும் கொடிகள், மல்லாந்து நீந்துபவர்களுக்காக வைத்தவை. மார்பு நீச்சல்காரரும் ஒவ்வொரு முறை தலை தூக்கும்போது அவற்றைப் பார்க்க முடியும். கொடியிலிருந்து சுவருக்குத் தன் கணக்கு எத்தனை என்று தெரிந்தவருக்கு அது இலவச உதவி. அந்தக் கணக்கைக் களைப்பாக இருக்கும்போது எடுப்பது முக்கியம். காலையில் புத்துணர்ச்சியோடு எடுத்த கணக்கு, 200 மீட்டரின் கடைசியில் கால் மரத்துப்போனபின் உதவாது.

தலையை என்ன செய்வது? சுவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கடைசி ஸ்ட்ரோக்கில் முகத்தைத் தூக்குவது சாதாரணமாக நடக்கும் தவறு. முகம் மேலே போனால் இடுப்பு கீழே இறங்கும்; உடலே பிரேக் ஆகிவிடும். விதிப்படி கடைசிச் சுற்றில் ஒரு முறை தலை நீரைப் பிளந்து வெளியே வந்தால் போதும். அதற்குப் பிறகு நீருக்குள் போகலாம். ஆகவே பார்ப்பதைச் சீக்கிரமே பார்த்துவிட்டு, இரண்டு கைகளுக்கும் நடுவே தலையைப் புதைத்து, தோள்களைக் குறுக்கிக்கொண்டு உதைப்பதே சரி.

இரண்டு கை, ஒரே நேரம்

மார்பு நீச்சலிலும் பட்டர்ஃபிளையிலும் சுவரை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் கைகள் பிரிந்திருக்க வேண்டும். நீர்மட்டத்திலோ மேலேயோ கீழேயோ தொடலாம். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கை முந்தினால் அந்தப் போட்டியே போச்சு. நேரமும் கிடையாது, இடமும் கிடையாது.

ஒரு கை முந்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கத் தோளை முன்னே தள்ளினால் அந்தக் கை சில சென்டிமீட்டர் கூடுதலாக நீளும். பிரீ ஸ்டைலில் எல்லோரும் அப்படித்தான் தொடுகிறார்கள். பக்கத்துத் தடத்தில் எதிராளி நெருங்கும்போது உடம்பு தன்னிச்சையாக அந்த வழியைத் தேடுகிறது. இதே பதற்றத்தில்தான் கால்களும் மாறி மாறி அடிக்கத் தொடங்குகின்றன, அல்லது இரு கால்களும் சேர்ந்து டால்பின் போல ஓர் அடி அடிக்கின்றன. 2004 ஏதென்ஸில் ஜப்பானின் கொசுகே கிட்டாஜிமா செய்ததாகச் சர்ச்சை எழுந்த பிறகு, 2005இல் ஒரே ஒரு டால்பின் அடிக்கு அனுமதி வந்தது. ஆனால் அது தொடக்கத்திலும் திரும்பிய பின்னும் மட்டும்தான். முடிவில் கிடையாது.

தொடுவதும் மெல்லத் தொட்டால் போதாது. சுவரில் மாட்டியிருக்கும் மின்னணுப் பலகை அழுத்தத்தால் இயங்குவது. நீரின் அலை பட்டு ஓடிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். தடவினால் கடிகாரம் நிற்காது; குத்த வேண்டும். அதனால்தான் சுவரைத் தொடாதே, சுவருக்குள் புகுந்து போ என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம்.

நூறில் ஒரு பங்குக்குக் கீழே கடிகாரம் போவதில்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1972 மூனிச் ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஆயிரத்தில் இரண்டு பங்கில் வென்றார். அது மூன்று நான்கு மில்லிமீட்டர் தூரம். குளத்தின் ஒரு தடம் இன்னொன்றைவிட அந்த அளவுக்கு நீளமாக இருக்கச் சாத்தியம் உண்டு என்பதால், பிறகு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் வித்தியாசம் இல்லையென்றால் சமம். ஃபிங்க்கும் பீட்டியும் வெள்ளியைப் பகிர்ந்துகொண்டது அப்படித்தான்.

கிளைடின் விலை

சுவரைத் தொடுவதில் நேர்ந்த பிரபலமான இரண்டு இழப்புகளும், இதே இரு கை விதி உள்ள பட்டர்ஃபிளையில் நடந்தவை. 1988 சோல் ஒலிம்பிக்ஸ் 100 மீட்டரில் அமெரிக்காவின் மாட் பியோண்டி முன்னணியில் இருந்தார். கடைசியில் இன்னொரு ஸ்ட்ரோக் எடுப்பதா, கிளைடு செய்வதா என்ற நிலையில் கிளைடு செய்தார். சுரிநாம் என்ற சின்ன நாட்டிலிருந்து வந்த அந்தோணி நெஸ்டி 53.00 விநாடியில் தொட்டார், பியோண்டி 53.01. அந்தக் காலத்தில் நெஸ்டியின் நாட்டில் 50 மீட்டர் குளம் ஒன்றே ஒன்றுதான்.

2008 பெய்ஜிங்கில் கதை அப்படியே திரும்பியது. செர்பியாவின் மிலோராட் சாவிச் முன்னால் கிளைடு செய்துகொண்டிருக்க, மைக்கேல் ஃபெல்ப்ஸ் வெடுக்கென்று இன்னொரு அரை ஸ்ட்ரோக் எடுத்துச் சுவரில் மோதினார். ஃபெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59. அந்த ஒலிம்பிக்ஸில் ஃபெல்ப்ஸ் வென்ற எட்டுத் தங்கங்களில் ஒன்று அந்த அரை ஸ்ட்ரோக்கின் பரிசு.

இதிலிருந்து கிளைடே கூடாது என்று முடிவு கட்டவும் கூடாது. பியோண்டியும் சாவிச்சும் தோற்றது கிளைடு செய்ததால் அல்ல. கிளைடு செய்ய வேண்டிய இடத்தில் சுவர் இல்லாததால்.

இந்தியக் கணக்கு

இந்தியாவுக்கு இந்தச் சென்டிமீட்டர்கள் நன்றாகவே பழக்கம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் பிரீ ஸ்டைலில் வீர்தவல் காடே தகுதிச் சுற்றில் 22.43 விநாடி என்று தேசிய சாதனை படைத்தார். இறுதிப் போட்டியில் 22.47. வெண்கலம் வென்ற ஜப்பானியர் 22.46. காலையில் நீந்தியதை மாலையிலும் நீந்தியிருந்தால் பதக்கம் அவருடையது.

2021 ஜூனில் ரோம் நகரில் பெங்களூரின் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் 53.90 விநாடி எடுத்தார். டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு நேரடியாகத் தகுதி பெற 53.85 வேண்டும். வித்தியாசம் ஒன்பது சென்டிமீட்டர். நல்லவேளையாக இன்னொரு வாய்ப்புக் கிடைத்து, 53.77இல் நீந்திக் கணக்கைத் தீர்த்தார்.

அதே ரோமில் அதே வாரம் சாஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். தேவைப்பட்டது 1 நிமிடம் 56.48. நேரடித் தகுதி அளவை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர்தான். 200 மீட்டர் நீந்திய பிறகு மிஞ்சியது ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு தொடுகை பிசகியிருந்தால் அந்த முதல் பெயர் வேறு யாருடையதாகவோ இருந்திருக்கும்.

மார்பு நீச்சலில் சந்தீப் செஜ்வால் 2014 இன்சியோன் ஆசிய விளையாட்டில் 50 மீட்டரை 28.26 விநாடியில் நீந்தி வெண்கலம் வாங்கினார். ஒரே ஒரு நீளம் நீந்தும் அந்தப் போட்டியில் திரும்புதலே கிடையாது. தொடக்கத்துக்கு அடுத்தபடி கணக்கில் வருவது முடிவுதான்.

சுரங்கத்து ஊர்கள்

சாஜன் பிரகாஷ் கேரளத்துக்காக நீந்தியவர். ஆனால் வளர்ந்ததும் நீச்சல் கற்றதும் நெய்வேலியில். தாய் ஓட்டப்பந்தய வீராங்கனை. நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை. சுரங்கத்தை ஒட்டி எழுந்த ஒரு குடியிருப்பிலிருந்து கிளம்பிய பையன் பெங்களூர் பசவனகுடி நீச்சல் மையத்தில் தேறி, ரோம் வழியாக டோக்கியோ போனார்.

இன்னொரு சுரங்கத்து ஊர் சாம்பியன் ரீப்ஸ். கோலார் தங்கவயலில், பெங்களூருக்கு நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்த இடம். ஒரு டன் பாறையைப் பொடித்தால் சில கிராம் தங்கம் கிடைக்கும். கிராம் கணக்கின் அருமை அந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. நெய்வேலியில் நிறுவனம் நின்றது, ஊரும் நின்றது. தங்கவயலில் நிறுவனம் போனபின் வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் தினமும் பெங்களூர் போய்த் திரும்புகிறார்கள். அந்தத் தடத்தில் ஒரு ஸ்டேஷனின் பெயரே சாம்பியன்.

அங்கே ஏறும் ஒரு தொழிலாளியின் பிள்ளைக்குச் சர்வதேசத் தரத்தில் நீச்சல் பயிற்சி வேண்டுமென்றாலும் அதே ரயில்தான், அதே பெங்களூர்தான். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தில் இறங்க வேண்டிய விளையாட்டு இது. தூரமும் செலவும் கட்டுப்படியாவது சுலபமில்லை. பதக்கம் வெறும் அலங்காரமும் அல்ல. போலீஸ், ரயில்வே, ராணுவம், கல்லூரி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையோ சீட்டோ அதைத் தொங்கிக்கொண்டிருக்கிறது. மாநிலப் போட்டியில் மூன்றாவதாக வந்தவருக்கும் நான்காவதாக வந்தவருக்கும் வாழ்க்கை வேறு வேறு திசையில் போகலாம்.

கிணற்றிலும் ஏரியிலும் நீந்தப் பழகிய பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பிரத்யேகச் சிக்கல் உண்டு. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறங்கிய நாளிலிருந்து அவர்களுக்கு மூச்சுக்கும் தைரியத்துக்கும் குறைவில்லை. ஆனால் ஏரியில் சுவரே கிடையாது. கிணற்றில் சுவர் உண்டு. அங்கே நீந்தி வந்தவன் ஒரு கையை நீட்டிப் படியைப் பிடிப்பான். முதல் நாள் ஒட்டிக்கொண்ட அந்தப் பழக்கம், போட்டியில் மார்பு நீச்சல் நீந்தும்போது தகுதி நீக்கத்துக்கு வழி செய்யும். முதலில் மறக்க வேண்டியது அதைத்தான்.

ஆறுதலான விஷயம், முடிவை மட்டும் கற்க நவீனக் குளம் தேவையில்லை. நேரான சுவரும், கவனித்துச் சொல்ல ஒரு ஆளும் போதும். சுவருக்கு 12 மீட்டர் தள்ளியிருந்து கிளம்பி முழு வேகத்தில் தொட வேண்டும். அடுத்த முறை 11 மீட்டர், பிறகு பதினொன்றரை. தூரம் மாற மாறக் கண்ணும் கையும் தாமாகவே கணக்குப் போடப் பழகும். சுவரோரம் ஒருவர் நின்று இரண்டு கைகளும் சேர்ந்து பட்டதா, தலை புதைந்திருந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டும். தொட்ட பிறகுதான் மூச்சு, தொட்ட பிறகுதான் பக்கத்துத் தடம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 4,000 மீட்டர் நீந்தும் ஒரு மாணவர் 50 மீட்டர் குளத்தில் 80 முறை சுவரைச் சந்திக்கிறார். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 480 முறை. இவற்றில் பெரும்பாலானவற்றை ஓய்வெடுக்கும் இடமாகவே பலரும் கருதுகிறார்கள். கடைசி இரண்டு மீட்டரில் வேகத்தைத் தளர்த்தி, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மற்றொரு கையால் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். வாரத்துக்கு 480 முறை தவறாகத் தொட்டுப் பழகிய கை, போட்டி நாளில் ஒரே ஒரு முறை சரியாகத் தொடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒவ்வொரு நீளத்தையும் இரு கைகளால், முழு வேகத்தில், தலை புதைத்து முடிப்பதற்குக் கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. பாரிஸில் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்த இரண்டு விரற்கடையை எந்தக் குளத்திலும் சம்பாதிக்க முடியும்.